வெளிநாட்டில் இருக்கும் படைவீரன் தப்பு செய்யாமல் பார்ப்பது யார் வேலை?

பாகான்_லட்சுமி எழுதியது:

வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். தம்பி இராணுவத்தில் இருக்கிறான். லெபனானில் ஐநா அமைதிப்படையோடு இருக்கும் மலேசியப் படையணிக்கு அடுத்துப் போகிறவர்கள் பட்டியலில் அவன் பெயரும் வந்திருக்கிறது. புறப்படும் முன் நடக்கும் பயிற்சியில் நடத்தை, ஒழுக்கம் என்று வகுப்பு எடுத்து, ஐநா அச்சடித்த ஒரு சின்ன அட்டையையும் கொடுத்திருக்கிறார்கள், அது எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டுமாம். வீட்டில் காட்டினான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, "இதைப் படிச்சா கெட்டவன் நல்லவனாயிடுவானா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பிக்குக் கோபம். எனக்கு அப்பா கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

ஏனென்றால் ஜப்பானின் ஒக்கினாவாவில் அமெரிக்கப் படைக்காரர்கள் செய்த குற்றங்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எந்த நாட்டு நீதிமன்றம், எத்தனை வருஷம் சிறை, இதே பேச்சுதான். நடந்த பிறகு தண்டிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நடக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை யாருடையது, அவர்கள் அதை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று கண்காணிப்பது யார்? கமாண்டர் பார்த்துக்கொள்வார் என்றால் கமாண்டரைப் பார்ப்பது யார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தம்பியைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.


செந்தூல்_லாயர் எழுதியது:

தடுப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் முதலில் அதிகாரம் யார் கையில் என்று தெரியாமல் தடுப்பைப் பேச முடியாது. ஒரு நாட்டில் இன்னொரு நாட்டின் படை இருந்தால் அதற்கென்று ஓர் ஒப்பந்தம் இருக்கும், எங்கள் வட்டத்தில் சோஃபா (SOFA) என்போம். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் இருப்பது 1960இல் போட்டது. பணி நேரத்தில் பணிக்காகச் செய்த காரியம் என்றால் அமெரிக்கா விசாரிக்கும், வெளியே சுற்றும்போது செய்தது என்றால் ஜப்பானுக்கு முதல் உரிமை. சரி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் தளத்துக்குள் போய்விட்டால், ஜப்பான் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் வரை அவன் அமெரிக்கர்களின் காவலில்தான் இருப்பான்.

1995 செப்டம்பரில் ஒக்கினாவாவில் மூன்று அமெரிக்கப் படைவீரர்கள் 12 வயதுச் சிறுமியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தபோது வெடித்தது இதுதான். அடுத்த மாதம் ஒரே கூட்டத்தில் ஏறக்குறைய 85,000 பேர் திரண்டார்கள். அதற்குப் பிறகுகூட ஒப்பந்தத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. கொலை, வன்புணர்ச்சி போன்ற வழக்குகளில் குற்றப்பத்திரிகைக்கு முன்பே ஆளை ஒப்படைப்பதைப் பற்றி 'நல்ல மனதோடு பரிசீலிப்போம்' என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.

பிலிப்பைன்ஸில் இன்னும் மோசம். 2005இல் சூபிக்கில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் ஓர் அமெரிக்க மரீனுக்கு 2006இல் 40 வருஷம் தண்டனை விதித்தார்கள், அந்த மாதமே ராத்திரியோடு ராத்திரியாக மக்காத்தி சிறையிலிருந்து அமெரிக்கத் தூதரகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், 2009இல் மேல்முறையீட்டில் விடுதலை. 2014இல் ஒலொங்காப்போவில் ஒரு திருநங்கையைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றவரை வைத்திருந்தது சாதாரணச் சிறையில்கூட இல்லை, பிலிப்பைன்ஸ் இராணுவத் தலைமையகத்துக்குள் தனி இடம், 2020இல் அதிபர் டுட்டெர்ட்டே மன்னிப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

உங்கள் தம்பி விஷயம் வேறு ரகம். ஐநா அமைதிப்படையில் போகும் வீரனை அவன் நாடு மட்டும்தான் விசாரிக்க முடியும், லெபனான் போலிஸ் தொட முடியாது, ஐநாவும் தண்டிக்க முடியாது. நம் 1972ஆம் வருஷத்து இராணுவச் சட்டம் அவன் கூடவே விமானம் ஏறிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் படைகள் இங்கே வந்தால் அதற்கு 1960 முதலே வருகைதரும் படைகள் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊர் விமானத்தளத்துக்கு ஆஸ்திரேலியக் காலாட்படைக் கம்பெனி 1970 முதல் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறதே, அந்த மாதிரி படைகளுக்காகத்தான் இதெல்லாம்.


பழைய_சார்ஜன் எழுதியது:

லாயர் சார் சொன்னது அத்தனையும் நடந்து முடிந்த பிறகு வரும் சங்கதி. தங்கச்சி கேட்டது அதற்கு முன்னால் உள்ளது. நான் சுங்கை பீசி இராணுவ முகாமில் இருந்துவிட்டு ரிட்டையர் ஆனவன், வெளிநாட்டுப் பணியும் பார்த்தவன், எந்த நாடு என்று வேண்டாம்.

அப்பாவிடம் சொல்லுங்கள், அட்டை யாரையும் திருத்தாது, அது திருத்துவதற்காகக் கொடுத்ததும் கிடையாது. பின்னால் ஒருத்தன் மாட்டினால் 'எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை' என்று தப்பிக்கக் கூடாது, அதற்குத்தான் அட்டை.

உண்மையான தடுப்பு கேம்ப் வாசலில் இருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். பெயர், வண்டி நம்பர், எத்தனை மணிக்குப் போனான், எதற்குப் போனான், கூட யார், எத்தனை மணிக்குத் திரும்பினான். தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். போகக் கூடாத கடைகள், தெருக்கள் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். இதெல்லாம் எல்லா நாட்டுப் படையிலும் உண்டு. ஆனால் அந்த நோட்டை ராத்திரி யாராவது உட்கார்ந்து படிக்கிறார்களா என்பதுதான் கேள்வி. எல்லா வரியிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லாரும் சரியாகப் பத்து மணிக்குத் திரும்பியதாக எழுதியிருந்தால் அந்த நோட்டு காலையில் ஒரேயடியாக உட்கார்ந்து நிரப்பியது. அனுபவமுள்ள அதிகாரி ஒரு பக்கத்தைப் புரட்டினாலே கண்டுபிடித்துவிடுவார். அனுபவமுள்ளவர் புரட்டினால்.

பெரிய குற்றம் செய்கிறவன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வழிதவறுகிறான் என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்னால் குடி, கடன், போனில் பெண்டாட்டியோடு சண்டை, ரூமில் இருக்கிற இன்னொருத்தன் சட்டையைப் பிடித்தது என்று ஏதாவது ஒன்று இருக்கும். கார்ப்பரலுக்கு அது தெரியும். கம்பெனி கமாண்டருக்குத் தெரியாது, ஏனென்றால் நடுவில் இருப்பவர்கள் 'நம்ம பையன்' என்று மூடிவிடுவார்கள். மேலே இருப்பவருக்கும் அது வசதிதான், 'என் யூனிட்டில் ஒரு கேஸ்கூட இல்லை' என்று எழுதி அனுப்பினால் பாராட்டு, அடுத்த பதவி உயர்வுக்கு உதவும். என்னைக் கேட்டால் பல நூறு பேர் இருக்கும் யூனிட்டில் ஒரு சின்னப் புகார்கூட இல்லாமல் மாதக்கணக்கில் ஓடினால் அங்கேதான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஊரடங்கு போடுவது எல்லாவற்றிலும் சுலபம். 2012 அக்டோபரில் ஒக்கினாவாவில் இரண்டு அமெரிக்கக் கடற்படைக்காரர்கள் ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்த பிறகு, ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படை முழுக்க இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை வெளியே வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். வெளியே குடித்தவன் உள்ளே குடித்தான். ஒன்றும் செய்யாதவன் எரிச்சலானான். ஒருத்தன் செய்த தப்புக்கு எல்லாரையும் அடைத்தால், தெரிந்ததை வந்து சொல்ல வேண்டிய நல்லவனும் வாயை மூடிக்கொள்வான்.


பாகான்_லட்சுமி எழுதியது:

நன்றி அண்ணே. நோட்டுப் புத்தகம் பற்றி அப்பாவிடம் படித்துக் காட்டினேன், "அப்படிச் சொல்லு" என்றார். லாயர் சாருக்கும் நன்றி. ஆனால் என் கேள்வியில் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது. யூனிட்டுக்குள்ளேயே மூடிவிடுவார்கள் என்றால், உள்ளே வந்து பார்க்கும் வெளியாள் என்று யாராவது இருக்கிறாரா இல்லையா?


பிரிக்பீல்ட்ஸ்_வாசகி எழுதியது:

இருக்கிறார்கள் அக்கா, ஆனால் ரொம்ப தாமதமாக வருவார்கள். நான் இங்கே பெண்களுக்கான ஓர் அடைக்கல இல்லத்தில் உதவி செய்கிறவள், இராணுவம் என் துறை கிடையாது, வீட்டுக்குள் நடக்கும் அடிதடியைப் படிக்கப் போய் இதற்குள் வந்தேன்.

அமெரிக்காவில் நாடாளுமன்றத்துக்காக வேலை செய்யும் தணிக்கை அலுவலகம் ஒன்று இருக்கிறது. 2021இல் அது இராணுவக் குடும்பங்களில் நடக்கும் வன்முறை பற்றி ஓர் அறிக்கை போட்டது. 2015 முதல் 2019 வரையிலான நிதியாண்டுகளில் இராணுவமே ஒப்புக்கொண்ட சம்பவங்கள் 40,000க்கு மேல், அதில் பெரும்பகுதி உடல்ரீதியான வன்முறை. அந்த எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இராணுவத்தின் வரையறைக்குள் வந்தவற்றைத்தான் எண்ணினார்கள், வந்த புகார் மொத்தம் எத்தனை என்ற கணக்கு அவர்களிடம் முழுசாக இல்லை. மொத்தம் தெரியாமல் எத்தனை புகாரைத் தள்ளுபடி செய்தார்கள் என்று எப்படிக் கேட்பது?

இதில் வெளிநாட்டுத் தளம் என்றால் இன்னும் சிக்கல். மனைவிக்கு அந்த ஊர் மொழி தெரியாது, விசா கணவனை ஒட்டி வந்தது, வீடு தளம் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் கணவனோடு வேலை செய்கிறவர். அடி வாங்கியவள் நேராகப் போய் நிற்க ஒரு பாலாய், அதாவது போலிஸ் நிலையம்கூடக் கிடையாது. எல்லாரும் மதுக்கடை, ராத்திரி, வெளியூர்ப் பெண் என்றே பேசுகிறோம், குவார்ட்டர்ஸ் கதவுக்குப் பின்னால் நடப்பது செய்தியில் வராது.

2021இலேயே அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு தன் ஆட்களைத் தளம் தளமாக அனுப்பிப் பார்க்கச் சொன்னது, ஜெர்மனி, ஸ்பெயினில் உள்ள தளங்களுக்கும் போனார்கள். தடுப்பு வேலை என்பது வேறு வேலை பார்ப்பவர் தலையில் கூடுதலாகக் கட்டிய சுமை, சம்பவம் நடந்த பிறகு ஓடுவதில்தான் எல்லாருடைய கவனமும், தடுப்பதில் இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்கென்றே தனியாக ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். 2023 டிசம்பர் முதல் கொலை, பாலியல் வன்கொடுமை, குடும்ப வன்முறை போன்றவற்றில் வழக்குப் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரத்தையும் கமாண்டரிடமிருந்து எடுத்துத் தனி வழக்கறிஞர்களிடம் கொடுத்துவிட்டார்கள். சார்ஜன் அண்ணன் சொன்ன 'நம்ம பையன்' நோய்க்கு இதுதான் நேரடி மருந்து. பிரிட்டனும் 2022 டிசம்பரில் இராணுவத்தின் கடுமையான குற்றங்களுக்கென்று தனிப் புலனாய்வுப் பிரிவு தொடங்கியது. ஆனால் கென்யாவில் நன்யுக்கி என்ற ஊரில் பிரிட்டிஷ் வீரர்களோடு கடைசியாகப் பார்க்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் உடல் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டது 2012இல். பிரிட்டிஷ் வீரர்கள்தான் கொன்றார்கள் என்று அந்த ஊர் நீதிபதி சொன்னது 2019இல். கைது வாரண்ட் வந்தது 2025இல்.

சரி, வெளியாள் என்றீர்களே. அந்த ஊர் மக்களைவிடப் பெரிய வெளியாள் யாரும் இல்லை, அவர்களிடம்தான் கடைசியாகச் சொல்கிறார்கள். 2023 டிசம்பரில் ஒக்கினாவாவில் ஓர் அமெரிக்க விமானப்படைக்காரர் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமியைப் பூங்காவிலிருந்து கூட்டிப்போய் வன்கொடுமை செய்தார். 2024 மார்ச்சில் குற்றப்பத்திரிகை, தோக்கியோவில் வெளியுறவு அமைச்சுக்குத் தெரியும். ஒக்கினாவா ஆளுநருக்குத் தெரிந்தது ஜூன் கடைசியில், அதுவும் செய்தியாளர்கள் வழியாக. இடையில் ஜூன் 16ஆம் தேதி மாவட்ட சட்டமன்றத் தேர்தல் வேறு நடந்து முடிந்தது! படைக்காரர் குற்றம் செய்தால் உள்ளூர் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாடும் 1997இலேயே முறை வகுத்திருந்தன. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கத்தைக் காக்கவே சொல்லவில்லை என்றார்கள். பெயரைச் சொல்லாமல், இந்த வட்டாரத்தில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க முடியாதா? அந்த ஆறு மாதம் அந்தப் பக்கத்துத் தாய்மார்கள் எதுவும் தெரியாமல் பிள்ளைகளை அதே பூங்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். (வழக்கு நாஹா நீதிமன்றத்தில் நடந்து 2024 டிசம்பரில் ஐந்து வருஷம் தண்டனை.)


உலு_சிலாங்கூர்_பேரன் எழுதியது:

ஒக்கினாவா, கென்யா எல்லாம் எதற்கு, நம் வாசலிலேயே இருக்கிறதே. சிலாங்கூரில் பத்தாங் காலி, 1948 டிசம்பர், பிரிட்டிஷ் இராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதம் இல்லாத 24 பேரைச் சுட்டார்கள். 1970இல் லண்டன் போலிஸ் விசாரிக்கத் தொடங்கி, ஆட்சி மாறியதும் பாதியில் நிறுத்தியது. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இனி விசாரணை தேவையில்லை என்று முடித்துவிட்டது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படை சுட்டதில் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று எத்தனை பேர் போனார்கள். எவன் கண்காணித்தான்?


பழைய_சார்ஜன் எழுதியது:

தம்பி, உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். அவை ஒரு நடவடிக்கையின் நடுவே துப்பாக்கியோடு உத்தரவின் கீழ் நின்ற படை செய்தவை, அதற்குப் போர்ச் சட்டம், அரசியல் என்று வேறு கணக்கு இருக்கிறது. தங்கச்சி கேட்பது லீவில் வெளியே போனவனைப் பற்றி. அதற்கும் இதற்கும் ஒரே பதில் சொன்னால் இரண்டுமே உருப்படாது.

தங்கச்சி, உங்கள் தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள். ஐநா பணி நடக்கும் இடங்களில் நடத்தை, ஒழுக்கத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கும், அது எங்கள் கமாண்டருக்குக் கீழே வராது. கண்ணால் பார்த்ததை அங்கே நேராகச் சொல்லலாம். எங்கே இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும் என்று போய் இறங்கிய வாரமே தெரிந்துவைத்துக்கொள்ளட்டும், தேவைப்படும் அன்றைக்குத் தேட முடியாது. அங்கே போனால் 'காட்டிக்கொடுத்தவன்' என்று பெயர் வரும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.


செந்தூல்_லாயர் எழுதியது:

சார்ஜன் சாரோடு ஒத்துப்போகிறேன். ஐநா பக்கம் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் கமாண்டரைப் பார்ப்பது யார் என்ற கேள்விக்கு அங்கே ஓரளவு பதில் இருக்கிறது. புகார் வந்தால் ஐநா அந்த நாட்டுக்குச் சொல்லும். நாங்கள் விசாரிக்கிறோம் என்று அந்த நாடு 10 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஐநாவே விசாரணையைத் தொடங்கலாம். இது 2007இல் திருத்திய ஒப்பந்த மாதிரியில் வந்தது. அதே வருஷம் ஹைத்தியிலிருந்து இலங்கை அமைதிப்படையினர் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சிறுவர் சிறுமியர் மீதான பாலியல் சுரண்டலுக்காகத் திருப்பி அனுப்பினார்கள். சிறைக்குப் போனது ஒருவரும் இல்லை என்று பத்து வருஷம் கழித்து ஏபி செய்தி நிறுவனம் எழுதியது. திருப்பி அனுப்புவதோடு கதை முடிந்துவிடுகிறது, அங்கேதான் ஓட்டை.

அதனால் 2016இல் பாதுகாப்பு மன்றம் 2272ஆம் தீர்மானம் போட்டது. ஒருத்தனை மட்டும் அனுப்பாமல், பிரச்சினை பரவலாக இருந்தால் அல்லது நாடு நடவடிக்கை எடுக்காவிட்டால் முழுப் படைப்பிரிவையே திருப்பி அனுப்பலாம். 2021இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலிருந்து காபோன் நாட்டின் ஏறக்குறைய 450 வீரர்களை அப்படி மொத்தமாக அனுப்பினார்கள். பாலியல் புகார்களை எந்த நாட்டுப் படை என்ற விவரத்தோடு ஐநா இணையத்தில் போடுகிறது, யாரும் திறந்து பார்க்கலாம். என் கணிப்பு, நாடுகள் தண்டனையைவிட அந்தப் பக்கத்தில் தங்கள் பெயர் வருவதற்குத்தான் பயப்படுகின்றன.


பாகான்_லட்சுமி எழுதியது:

அந்தப் பக்கத்தைத் தம்பி போனிலேயே திறந்தான், அப்பா மலேசியாவைத் தேடச் சொல்லி பக்கத்திலேயே நின்றார். இப்போது அப்பாவின் அடுத்த கேள்வி. ஐநா போடுகிறது, சரி. நம் தற்காப்பு அமைச்சு தன் பங்குக்கு இப்படி ஒரு கணக்கைப் போட்டு வெளியே காட்டுமா? அதில் பாலியல் புகார் மட்டுமில்லை, அடிதடி, கத்திக்குத்து, வீட்டுக்குள் நடப்பது எல்லாம் சேர வேண்டுமாம். எங்கே கேட்பது?


செந்தூல்_லாயர் எழுதியது:

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள். மக்களவையில் எழுத்துப்பூர்வக் கேள்வியாகப் போடச் சொல்லுங்கள், அமைச்சர் எழுத்தில் பதில் தர வேண்டும். நீளமாக எழுதினால் நீளமாகச் சுற்றி வளைத்துப் பதில் வரும், அதனால் ஒரே வாக்கியம். மலாயில் அவர்கள் மாற்றிக்கொள்வார்கள். என் வரைவு இது, வாசகி திருத்தலாம்:

"கடந்த பத்து ஆண்டுகளில் வெளிநாட்டில் பணியிலிருந்த மலேசியப் படையினர் மீது வன்முறைக் குற்றம் தொடர்பாக வந்த புகார்கள் மொத்தம் எத்தனை, அவற்றில் படைக்குள்ளேயே முடித்துக்கொள்ளப்பட்டவை எத்தனை, இராணுவ நீதிமன்றம் வரை போனவை எத்தனை, முடிவு என்ன என்று புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்கப்பட்டவை எத்தனை என்பதைத் தற்காப்பு அமைச்சர் ஆண்டுவாரியாகக் கூறுவாரா?"


பிரிக்பீல்ட்ஸ்_வாசகி எழுதியது:

'படையினர் மீது' என்பதற்குப் பிறகு 'உடன் வாழும் குடும்பத்தினர் கொடுத்த புகார்கள் உட்பட' என்று சேர்த்துவிடுங்கள் சார். இல்லாவிட்டால் அதைக் குடும்பப் பிரச்சினை என்று கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.